கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்: ஆட்டோ கியர் டீசல் பிக்கப்பில் கோளாறைக் கண்டறிவது எப்படி

உட்லண்ட்ஸில் தோட்டப் பராமரிப்புத் தொழில் நடத்தும் ஒருவர் தம் வண்டியைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறார். எட்டு ஆண்டு ஓடிய இரட்டைக் கேபின் டீசல் பிக்கப்; ஆட்டோ கியர்; 160,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஆட்களையும் புல்வெட்டும் இயந்திரங்களையும் ஏற்றிக்கொண்டு பிகேஇ விரைவுச்சாலையின் மேட்டில் ஆக்சிலரேட்டரை இலேசாக அழுத்திப் போகும்போது, 60 முதல் 70 கிலோமீட்டர் வேகத்தில், வரிவரியாகக் கீறிய சாலையின் மேல் ஓடுவதுபோல் இரண்டு மூன்று விநாடிக்கு வண்டி அதிர்கிறது. அத்துடன், சிக்னலில் வண்டியை நிறுத்தியவுடன், பின்னாலிருந்து யாரோ மெதுவாக இடித்ததுபோல் ஓர் உதை வருகிறது. கியர் எண்ணெயை இதுவரை மாற்றியதே இல்லை. அது ஆயுள் முழுவதற்குமான எண்ணெய் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு பட்டறையில் வண்டியைச் சந்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று கூறிவிட்டார்கள். மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போது மாற்ற வேண்டாம். காக்கி புக்கிட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வண்டி பழுதுபார்க்கும் வேலையைச் செய்துவருகிறேன். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதிர்வு ஓரிடத்திலிருந்தும், உதை வேறோர் இடத்திலிருந்தும் வரவே வாய்ப்பு மிகுதி. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எந்த மெக்கானிக்குக்கும் கியர்பாக்ஸ்தான் நினைவுக்கு வரும். பிரித்துக் கேட்டால் இரண்டுக்கும் மலிவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சோதித்து ஒதுக்காமல் கியர்பாக்ஸைக் கீழே இறக்குவது முறையன்று.

எளிதானதை முதலில் பார்ப்போம். நின்றவுடன் வரும் உதை, பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரோப்பல்லர் ஷாஃப்டிலிருந்து வருவது பிக்கப் வண்டிகளில் மிகச் சாதாரணம். இவ்வகை வண்டியின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கிறது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் சற்று எழும்பும். வண்டி நின்றதும் மறுபடி அமரும். அப்படி எழுந்து அமரும்போது பின் அச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலுள்ள தூரம் சில மில்லிமீட்டர் மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு இடம் கொடுப்பதற்காகத்தான் ஷாஃப்டில் பல்வரி வெட்டிய ஒரு நழுவும் இணைப்பு வைத்திருக்கிறார்கள். கிரீஸ் வறண்டுவிட்டால் அது நழுவாமல் பிடித்துக்கொண்டு, வண்டி நின்ற பிறகு ஒரே தள்ளில் விடுவித்துக்கொள்ளும். ஓட்டுநரின் முதுகில் படும் உதை அதுதான்.

சோதிக்க இருபது நிமிடம் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு ஷாஃப்டை இரு கைகளாலும் பிடித்துத் திருப்பியும் மேலும் கீழும் அசைத்தும் பாருங்கள். ஷாஃப்டை வளைந்து சுழலவிடும் யுனிவர்சல் ஜாய்ன்ட்டின் சிலுவையில் விரலுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால், அல்லது அதன் மூடிகளைச் சுற்றிச் செந்துரு படிந்திருந்தால், அது தேய்ந்துவிட்டது. ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும் வண்டியில் நடுவிலுள்ள தாங்கு பேரிங்கின் ரப்பரையும் பார்க்க வேண்டும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் ஏற்றுங்கள். ஆனால் நழுவும் இணைப்புக்குள் அளவுக்கு மீறி அடைக்கக் கூடாது, உள்ளே இடமில்லாமல் போனால் அதுவும் நழுவாது. கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருந்தாலும் இதே உதை வரும் என்பதால், அதையும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இனி அதிர்வு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. வண்டி மெதுவாகப் போகும்போது எண்ணெயின் சுழற்சியே சக்தியைக் கடத்துகிறது. அதில் எப்போதும் கொஞ்சம் வழுக்கல் உண்டு, வழுக்கல் சூடாக மாறுகிறது. வேகம் நிலைபெற்றதும் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைத்துவிடும். புதிய வகைக் கியர்பாக்ஸ்கள் பலவற்றில் இந்தக் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல், வேண்டுமென்றே நிமிடத்துக்குச் சில பத்துச் சுற்று வழுக்கியபடியே வேலை செய்யும். இலகுரகச் சரக்கு வாகனத்துக்குச் சிங்கப்பூர் விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். உங்கள் வண்டியின் பின்புறத்திலேயே அந்த வட்ட ஒட்டுப்படம் இருக்கும். ஆகவே நம் ஊர்ப் பிக்கப்புகள் தங்கள் வாழ்நாளில் பெரும்பகுதியை லாக்-அப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும் அந்த 60-70 வேகத்திலேயே கழிக்கின்றன. பிகேஇயின் மேட்டில் ஆக்சிலரேட்டரை இலேசாக அழுத்தும்போது அதிர்வு வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு பொருந்துகிறது.

லாக்-அப் கிளட்ச் ஏன் அதிர வேண்டும்? ஆட்டோ கியர் எண்ணெயில் உராய்வைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் கலந்திருக்கின்றன. நல்ல எண்ணெயில், வழுக்கும் வேகம் கூடக் கூட உராய்வும் சற்றுக் கூடும். அதனால் கிளட்ச் இதமாகப் பிடிக்கும். சூட்டிலும் வயதிலும் அந்த மருந்துகள் செத்துப்போனால் நிலைமை தலைகீழாகிவிடும்: நிற்கும்போது அதிகம் ஒட்டும், வழுக்கத் தொடங்கியதும் பிடி தளரும். ஒட்டு, வழுக்கு, ஒட்டு, வழுக்கு என்று நொடிக்குப் பல முறை நடக்கிற இந்தப் போராட்டத்தையே நீங்கள் இருக்கையில் அதிர்வாக உணர்கிறீர்கள். கிளட்ச் தேயாமலே, எண்ணெய் கெட்டதால் மட்டும், இந்த அதிர்வு வரக்கூடும். எட்டு ஆண்டு மாற்றாத எண்ணெய் என்றதும் என் சந்தேகம் முதலில் போவது அங்கேதான்.

இதைச் சாலையில் உறுதிசெய்யப் பலரும் சொல்லும் வழி ஒன்று உண்டு. அதிர்வு வரும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை விடாமல், பிரேக் விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும் பிரேக் பெடலைத் தொட்டால், கணினி லாக்-அப்பை விடுவித்துவிடும். உடனே அதிர்வு நின்றால் குற்றவாளி லாக்-அப் கிளட்ச் என்பார்கள். இது பாதி உண்மை. லாக்-அப் பிடித்திருக்கும்போது இன்ஜினின் துடிப்பு எதுவும் எண்ணெயால் தணிக்கப்படாமல் நேரே சக்கரம்வரை போகும். விடுபட்டதும் அந்தத் துடிப்பை எண்ணெய் விழுங்கிவிடும். எனவே ஒரு இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்காத டீசல் இன்ஜினும் இதே சோதனையில் இதே விடையைத்தான் தரும். நல்ல கியர்பாக்ஸ்கள் இந்தக் குழப்பத்தால் இறக்கப்பட்டதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டையும் பிரித்தறிய, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேன் கருவியில் ஓடும் எண்களைப் பார்க்க வேண்டும். இன்ஜின் சுழற்சி வேகத்தையும், கியர்பாக்ஸின் உள்ளீட்டு வேகத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். லாக்-அப் பிடித்த நிலையில் அதிர்வு வரும்போது இரண்டு எண்களும் ஒன்றையொன்று விடாமல் சேர்ந்தே ஏறி இறங்கினால் கிளட்ச் நன்றாகப் பிடித்திருக்கிறது, துடிப்பு இன்ஜினுடையது. அப்போது இன்ஜெக்டர் திருத்த அளவுகளையும் டீசல் ஃபில்டரையும் டர்போ குழாயில் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் கூடிக் குறைந்து ஆடினால் கிளட்ச் வழுக்குகிறது. வேக எண் ஆடாமல் வண்டியின் உடல் மட்டும் அதிர்ந்தால், அதிர்வு வண்டியின் வேகத்தோடு மட்டும் கூடினால், மறுபடியும் ஷாஃப்டையோ டயரையோ பார்க்க வேண்டியதுதான். சந்துக்குள் ஒரு சுற்று ஓட்டினால் லாக்-அப் பிடிக்கும் வேகமே வராது. ஆகவே அங்கே செய்த தீர்ப்பை நான் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். மெக்கானிக் உங்களோடு உட்கார்ந்து பிகேஇக்கு வரட்டும்.

ஸ்கேன் செய்யும்போது கோளாறுக் குறியீடுகளையும் எழுதி வாங்குங்கள். பி0700 என்று மட்டும் சொன்னால் அதற்குத் தனிப்பொருள் கிடையாது. கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார் என்ற அறிவிப்பு அவ்வளவே. பி0741 என்றால் லாக்-அப் சரியாகப் பிடிக்கவில்லை. பி0731 முதல் பி0735 வரை வந்தால் முறையே முதல் கியர் முதல் ஐந்தாம் கியர்வரை ஏதோ ஒன்றில் விகிதம் தப்புகிறது, அதாவது உள்ளே வழுக்கல் இருக்கலாம். பி0715, பி0720 ஆகியவை வேக உணரிகளைக் குறிப்பன. அவை வெறும் வயர் கோளாறாகவும் முடியும். பேட்டரி பலவீனமாக இருந்தாலோ தரை வயர் துருப்பிடித்திருந்தாலோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குறியீடுகள் ஒன்றாக வரும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

அடுத்து எண்ணெய். பழைய வண்டிகளில் டிப்ஸ்டிக் இருக்கும். பிற்கால வண்டிகள் பலவற்றில் இல்லை. அவற்றில் கியர்பாக்ஸின் அடியிலுள்ள நிரம்பிவழியும் பிளக்கைத் திறந்து, எண்ணெய் கையேட்டில் குறித்த வெப்பநிலையில் இருக்கும்போது, இன்ஜின் ஓடியபடியே, மெல்லிய நூலாக வழிகிறதா என்று பார்ப்பார்கள். அந்த வெப்பநிலை பெரும்பாலும் 35 முதல் 55 டிகிரி செல்சியஸுக்குள் அமைந்த ஒரு குறுகிய எல்லை. மாடலுக்கு மாடல் மாறும். நம் ஊர் வெயிலில் ஓடி வந்த வண்டியின் எண்ணெய் 80 டிகிரிக்கு மேல் இருக்கும். விரிந்த எண்ணெய் வழிவதைப் பார்த்து அளவு சரியென்று மூடினால், ஆறியபின் உள்ளே எண்ணெய் குறைந்திருக்கும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், மேட்டில் கியர் வழுக்கும். கூடினால் நுரைத்து அதே தொல்லை. ஆகவே வண்டியை முதல்நாள் மாலையே பட்டறையில் விட்டுவிட்டு மறுநாள் காலை செய்யச் சொல்வது நல்லது. வீவக அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் செய்யக்கூடிய வேலை இது அன்று.

எண்ணெயின் அளவைவிட அதன் தன்மை அதிகம் பேசும். இரண்டு சொட்டை வெள்ளை டிஷ்யூத் தாளில் விட்டு ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாகப் பரவி ஓரம்வரை ஒரே நிறமாக இருந்தால் நலம். பழுப்பாகப் பரவினால் வயதாகிவிட்டது, மாற்றலாம். நடுவில் கறுப்புப் புள்ளி நின்று எண்ணெய் மட்டும் வெளியே பரவினால், அந்தக் கறுப்பு கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பொடி. முகர்ந்தால் கருகிய டோஸ்ட் நாற்றம் அடித்தால் உள்ளே ஏதோ வெந்திருக்கிறது. கியர்பாக்ஸின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான பேனைக் கழற்றியதும் அதன் அடியையும் அதிலுள்ள காந்தங்களையும் பாருங்கள்: விரலில் தேய்த்தால் நெருடாத சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம், ஊசி ஊசியாக இரும்புத் துகள்களோ பித்தளை நிறத் தகடுகளோ இருந்தால் மட்டுமே கியர்பாக்ஸைத் திறக்கும் பேச்சு எழ வேண்டும்.

எண்ணெய் பால்போல் கலங்கியிருந்தால் நிலைமை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து காய்கறி ஏற்றும் ஒரு பிக்கப் எங்களிடம் வந்தது. காலையில் டி போட்டால் இரண்டு விநாடி கழித்தே நகர்கிறது என்பது புகார். பிளக்கைத் திறந்ததும் வந்தது எண்ணெயே அன்று. ரோஸ் பால் பானமான சிராப் பண்டோங் நிறத்தில் கெட்டியான நுரை. ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குளிரூட்டி உள்ளே வெடித்து, குளிர்நீரும் எண்ணெயும் பல வாரங்களாகக் கலந்திருக்கின்றன. கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுத்தாள் தண்ணீர் பட்டால் பசை விட்டு உரிந்துவிடும். திறந்தபோது தாள் கையோடு வந்தது. அந்த முதலாளி மாதம் ஒருமுறை ரேடியேட்டர் நீர்த்தொட்டியை எட்டிப் பார்த்திருந்தால் அதில் மிதந்த எண்ணெய்ப் படலம் முன்பே தெரிந்திருக்கும். எட்டு ஆண்டு ரேடியேட்டரோடு ஓடும் உங்கள் வண்டியில் இதை இன்றே பார்த்துவிடுங்கள்.

எண்ணெய் வெறும் பழுப்பாக இருக்கிறது, காந்தத்தில் பசை மட்டுமே இருக்கிறது என்றால், மாற்றுங்கள். இங்கே ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது: நெடுநாள் மாற்றாத எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்பார்கள். ஏற்கெனவே தட்டு தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்த கியர் பெட்டிகளுக்குக் கடைசி முயற்சியாக எண்ணெய் மாற்றி, அடுத்த வாரம் அவை நின்றுபோனதால் எழுந்த பேச்சு இது என்பது என் கருத்து. அதிர்வும் வழுக்கலும் வேறு. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சுழற்சி மட்டும் துள்ளி ஏற, வண்டி ஏறாமல் பின்தங்கினால் அது வழுக்கல். அதற்கு எண்ணெய் மருந்தாகாது. உங்களுடையது அதிர்வு; அதற்கு ஆகலாம்.

ஒரே முறை வடித்து ஊற்றினால் எல்லா எண்ணெயும் மாறிவிடுவதில்லை. பேனிலிருந்து ஏறக்குறைய 3 லிட்டர் வரும். மொத்தம் 10 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். முதல் முறையில் 30 விழுக்காடு புதிதாகும், மறுமுறை 51, மூன்றாம் முறை 66. இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை செய்வதையே நான் விரும்புகிறேன். அழுத்த இயந்திரத்தைச் செருகி ஒரே நாளில் எல்லாவற்றையும் அடித்துத் தள்ளுவது, பராமரிப்பு தவறாத வண்டிக்குப் பொருந்தும், உங்கள் வண்டிக்கு வேண்டாம். முதல் முறையிலேயே பேனைக் கழற்றி ஃபில்டரையும் காஸ்கெட்டையும் மாற்றிவிட வேண்டும். தயாரிப்பாளர் குறித்த தரத்து எண்ணெயையே வாங்குங்கள். டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ், நிசானுக்கு மேட்டிக் எஸ் என்பதுபோல் ஒவ்வொன்றும் வேறு. எல்லா வண்டிக்கும் ஏற்றது என்று எழுதிய டின்னை, அதுவும் அதிர்வுப் புகாருள்ள பெட்டிக்கு, நான் ஊற்ற மாட்டேன். மெக்கானிக் ஊற்றும் பிளக்கை முதலில் தளர்த்திப் பார்த்துவிட்டே வடிக்கும் பிளக்கைத் திறக்கட்டும். வடித்த பிறகு மேல் பிளக் சுழல மறுத்து வண்டி நடுவழியில் நின்ற கதைகள் உண்டு. வடித்ததை அளந்து வைக்கச் சொல்லுங்கள். கழிவெண்ணெய் சாக்கடைக்குப் போகக் கூடாது. உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆயுள் முழுவதற்குமான எண்ணெய் என்ற பேச்சைப் பற்றியும் ஒரு சொல். சூடுதான் இந்த எண்ணெயின் எதிரி. 120 டிகிரியைத் தாண்டினால் வேகமாகச் சீரழியும். பாரம் ஏற்றி, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் ஊர்ந்து, மணிக்கணக்கில் லாக்-அப் பிடிக்காமல் கன்வெர்ட்டர் எண்ணெயைக் கடைந்துகொண்டிருக்கும் வேலை, கையேடுகள் கடினப் பயன்பாடு என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. தொழில் வண்டிக்கு 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை என்பது என் கணக்கு.

மாற்றிய பின் கணினி கற்றுவைத்திருக்கும் பழைய திருத்தங்களை அழித்துவிட்டு, சில நாள் நிதானமாக ஓட்டிப் புதிதாகக் கற்கவிட வேண்டும். மூன்றாம் முறைக்குப் பிறகும் அதிர்வு குறையாமல் ஸ்கேனில் வித்தியாசம் ஆடிக்கொண்டே இருந்தால், அப்போது எண்ணெய் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டையும், எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியையும் பார்க்கலாம். ஐசின் நிறுவனம் செய்யும் பல பெட்டிகளில் திறந்து மூடும் சொலினாய்டுகளின் மின்தடை 20 டிகிரியில் 11 முதல் 15 ஓம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்துபவை 5.0 முதல் 5.6 ஓம் காட்ட வேண்டும். ஆறியபோது சரியாகவும் சூட்டில் தவறாகவும் காட்டும் சொலினாய்டுகள் உண்டு என்பதால் இரு நிலையிலும் அளக்கச் சொல்லுங்கள். நியூட்ரலிலிருந்து டி போட்டால் 1.2 விநாடிக்குள்ளும், ஆர் போட்டால் 1.5 விநாடிக்குள்ளும் பிடிக்க வேண்டும் என்பது பல டொயோட்டா பெட்டிகளுக்கான அளவு. கைக்கடிகாரத்தால் நீங்களே மூன்று முறை அளந்து சராசரி பார்க்கலாம். பிரேக்கை அழுத்திப் பிடித்து முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும் ஸ்டால் சோதனையை மட்டும் கையேடு தெரிந்தவரிடம் விடுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் நீடித்தால் சோதனையே கியர்பாக்ஸைக் கொன்றுவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு திறந்தே ஆக வேண்டும் என்று தெரிந்தால், வண்டியைப் பத்தாண்டு வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான உங்கள் சிஓஇ கணக்கையும் பார்த்து முடிவெடுங்கள். பத்தாண்டில் இன்னும் இரண்டே ஆண்டு மீதம்; புதுப்பிக்கும் எண்ணம் இல்லையென்றால் சோதித்துத் தரும் பயன்படுத்திய பெட்டியே போதும். சரக்கு வாகனத்துக்கு 20 ஆண்டுவரை வயது இருக்கிறது. புதுப்பித்து ஓட்டுவதென்றால் டார்க் கன்வெர்ட்டரையும் சேர்த்துப் புதுப்பித்த பெட்டியை வாங்குங்கள். எதை வாங்கினாலும் பழைய குளிரூட்டியையும் அதன் குழாய்களையும் மாற்றவோ முழுதாகக் கழுவவோ சொல்லி, அதை விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். பழைய பெட்டியின் உலோகத் துகள்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். மாற்றிய பெட்டி ஓடத் தொடங்கியதும் அவை முதல் சுற்றிலேயே அதன் வால்வ் பாடிக்குள் போய்ச் சேரும்.